வெளிநாட்டு ஆடிட் ஃபர்ம்களின் அசோசியேஷனில் சேரலாமா?

வாசகர் கடிதம்: "நாங்கள் மூன்று பார்ட்னர்கள் சேர்ந்து நடத்தும் ஆடிட் ஃபர்ம். எந்தப் பெரிய பெயரோடும் தொடர்பில்லாமல், சொந்தப் பெயரிலேயே இத்தனை காலம் நடத்திவிட்டோம். இப்போது எங்கள் கிளையன்ட்களில் இரண்டு பேர் வெளிநாட்டில் துணைக் கம்பெனி தொடங்கப் போகிறார்கள். இதே சமயத்தில், தனித்தியங்கும் கணக்குத் தணிக்கை ஃபர்ம்களுக்கான சர்வதேச அசோசியேஷன் ஒன்று எங்களைச் சேரச் சொல்லி அழைத்திருக்கிறது. ஆண்டுச் சந்தா எங்கள் அளவுக்குக் கொஞ்சம் கனமானதுதான். 'நம் பெயரும் போகும், எவனோ செய்த தப்புக்கு நாம் பதில் சொல்ல வேண்டி வரும்' என்கிறார் மூத்த பார்ட்னர். 'சேர்ந்தால் வெளிநாட்டு வேலை வந்து குவியும்' என்கிறார் இளையவர். நான் நடுவில் நிற்கிறேன். சேரலாமா? சேர்ந்தால் எங்களில் யார் அதைப் பார்த்துக்கொள்வது?"

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மூத்த பார்ட்னர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் வேறொரு வகை அமைப்புக்குப் பொருந்துவது. இளையவர் நம்புவது போல எந்த அமைப்பிலும் நடப்பதில்லை. இருந்தாலும் நீங்கள் சேர்வதற்கு நல்ல காரணம் ஒன்று கடிதத்திலேயே இருக்கிறது. அது அந்த இரண்டு கிளையன்ட்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

இந்தத் துறையில் இரண்டு வகை அமைப்புகள் உண்டு. ஒன்று நெட்வொர்க். டெலாய்ட், பிடபிள்யூசி, ஈஒய், கேபிஎம்ஜி என்ற நான்கு பெரியவர்களும், பிடிஓ, கிராண்ட் தார்ன்டன் போன்றவர்களும் இந்த வகை. ஒவ்வொரு நாட்டிலும் இருப்பது சட்டப்படி தனி ஃபர்ம்தான். ஆனால் பெயர் ஒன்று, ஆடிட் கையேடு ஒன்று, தரச் சோதனையும் ஒன்று. மற்றது அசோசியேஷன். சிலர் அலையன்ஸ் என்றும் சொல்வார்கள். டிஎஃப்கே இன்டர்நேஷனல் 1962 முதல் இருக்கிறது. ஜூரிக்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிஜிஐ 1995-லும், எல்இஏ குளோபல் 1999-லும், பிராக்சிட்டி 2007-லும் தொடங்கின. பழைய இரண்டு அமைப்புகள் இணைந்து, பிரைம்குளோபல் என்ற பெயரை 2011-ல் எடுத்துக்கொண்டன. இவற்றில் சேரும் ஃபர்ம் தன் பெயரையும், தன் கிளையன்ட்களையும், தன் லாப நஷ்டத்தையும் தானே வைத்துக்கொள்கிறது. அமைப்பு கொடுப்பது தொடர்புகள், பயிற்சி, கூட்டங்கள், சில பொதுக் கருவிகள்.

ஆனால் தன்னை 'அசோசியேஷன்' என்று சொல்லிக்கொள்வதால் மட்டும் ஒரு அமைப்பு அசோசியேஷன் ஆகிவிடாது. சர்வதேச அளவில் கணக்காளர்களுக்கான நெறிமுறைகளை வகுக்கும் ஐஇஎஸ்பிஏ வாரியம் நெட்வொர்க்குக்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் கொண்டுவந்த தணிக்கைச் சட்ட நெறியிலும் ஏறக்குறைய அதே வரையறைதான். ஒத்துழைப்புக்காக ஃபர்ம்கள் கூடியிருக்க வேண்டும். அதோடு லாபத்தையோ செலவையோ பகிர்ந்துகொள்வது, பொதுவான உரிமை அல்லது நிர்வாகம், பொதுவான தரக்கட்டுப்பாட்டு விதிகள், ஒரே வணிகத் திட்டம், ஒரே பிராண்ட் பெயர், தொழில் வளங்களில் கணிசமான பகுதியைப் பங்கிடுவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே அது நெட்வொர்க்தான். எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது ஏன் முக்கியம்? ஒரு உதாரணம். நீங்கள் ஒரு கம்பெனியின் ஆடிட்டர். நீங்கள் இருக்கும் அமைப்பு நெட்வொர்க் என்றால், அதிலுள்ள அத்தனை ஃபர்ம்களும் அந்தக் கம்பெனியிடமிருந்து சார்பற்று இருந்தாக வேண்டும். எங்கோ ஒரு நாட்டு உறுப்பினர் அந்தக் கம்பெனியின் பங்குகளை வாங்கி வைத்திருந்தாலோ, அதற்காக நிர்வாக முடிவுகள் எடுக்கும் வேலையை ஏற்றிருந்தாலோ, சிக்கல் உங்கள் ஆடிட் அறிக்கைக்கு வரும். அதனால் ஒவ்வொரு புதிய கிளையன்டை ஏற்கும்போதும் உலகம் முழுவதும் சரிபார்க்கும் ஏற்பாடு வேண்டும். உண்மையான அசோசியேஷன் என்றால் இந்தச் சங்கிலி கிடையாது. மூன்று பார்ட்னர் ஃபர்முக்கு இது பெரிய வித்தியாசம்.

உங்களைக் கூப்பிட்டவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: "நெறிமுறை விதிகளின்படி நீங்கள் நெட்வொர்க்கா, இல்லையா? எந்த அடிப்படையில் அப்படிச் சொல்கிறீர்கள்?" நல்ல அமைப்பில் இதற்குத் தயாரான பதில் இருக்கும். சில நேரம் சட்ட ஆலோசனையையே இணைத்து அனுப்புவார்கள். "அதெல்லாம் ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்" என்று பதில் வந்தால், அவர்கள் இதை யோசித்ததே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆடிட் கையேடு தயாரிப்பது, பயிற்சி வகுப்பு நடத்துவது போன்றவற்றுக்கான செலவை மட்டும் பகிர்ந்துகொண்டால், அது தன்னளவில் நெட்வொர்க் ஆகாது என்று நெறிமுறையே சொல்கிறது. எனவே சந்தாப் பணம் எதற்குப் போகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

லெட்டர்ஹெட் விஷயத்தில் நிறைய பேர் அசட்டையாக இருக்கிறார்கள். அமைப்பின் சின்னத்தை உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பெரிதாகப் போட்டு "உலகம் முழுவதும் எங்கள் அலுவலகங்கள்" என்று எழுதினால், உள்ளே நீங்கள் எவ்வளவு தனியாக இயங்கினாலும் வெளியே பார்ப்பவருக்கு நீங்கள் ஒரு நெட்வொர்க். நெறிமுறை இதைக் குறிப்பிட்டே எச்சரிக்கிறது. "சட்டப்படி தனித்தனியான, சுதந்திரமான ஃபர்ம்களின் அசோசியேஷன் ஒன்றில் உறுப்பினர், ஒருவர் செய்யும் வேலைக்கு மற்றவர் பொறுப்பல்ல" என்ற பொருளில் ஒரு வரியைச் சிறிய எழுத்தில் அடியில் போடுவதுதான் முறை. வாசகத்தைப் பெரும்பாலும் அமைப்பே கொடுக்கும். அதை அப்படியே போடுங்கள், சுருக்காதீர்கள். ஆடிட் அறிக்கையின் தாளில் சின்னமே வேண்டாம் என்பது என் கருத்து.

மூத்தவரின் பயம் வெறும் கற்பனையில்லை என்று சொன்னேன். அமெரிக்காவின் என்ரான் கம்பெனியின் கணக்கு மோசடியால், அதன் ஆடிட்டரான ஆர்தர் ஆண்டர்சன் 2002-ல் வழக்கில் சிக்கி நிலைகுலைந்தபோது, அந்த வழக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத நாடுகளின் ஆண்டர்சன் ஃபர்ம்களும் பெயரை விட்டுவிட்டு வேறு நெட்வொர்க்குகளைத் தேடிப் போனார்கள். அந்த வழக்கில் ஆண்டர்சனுக்கு விதித்த தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-ல் ரத்து செய்தது. ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இத்தாலியின் பால்பொருள் கம்பெனியான பார்மலாட் 2003 டிசம்பரில் சரிந்தபோது, அங்கே ஆடிட் செய்த இத்தாலிய ஃபர்மை அடுத்த மாதமே கிராண்ட் தார்ன்டன் நீக்கியது. அப்படியும் அமெரிக்காவில் தொடுத்த வழக்கில் அதன் சர்வதேச அமைப்பும் பிரதிவாதியாக நிற்க வேண்டி வந்தது. பொதுப் பெயர் என்பது பொது ஆபத்தும்தான். சொந்தப் பெயரோடு அசோசியேஷனில் இருப்பவருக்கு இந்த அளவு ஆபத்து இல்லை. இருந்தாலும் நீங்கள் ஒரு உறுப்பினரைக் கிளையன்டுக்குப் பரிந்துரை செய்து, அவர் சொதப்பினால், கிளையன்ட் உங்களைத்தான் கேட்பார். அதனால் அந்த வேலைக்கான ஒப்பந்தக் கடிதம் கிளையன்டுக்கும் அந்த வெளிநாட்டு ஃபர்முக்கும் இடையே நேரடியாக இருக்கட்டும். நீங்கள் நடுவில் நின்று வேலையை எடுத்துக் கொடுப்பவராக இருக்காதீர்கள். தொழில்முறைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சேர்வதற்கு முன்பே ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.

இனி இளையவரின் நம்பிக்கை. வேலை குவியாது. முதல் சில வருடங்களில் நீங்கள் வாங்குவதைவிடக் கொடுப்பதுதான் அதிகமாக இருக்கும். உங்களைத் தெரியாத ஒருவர் தன்னுடைய நல்ல கிளையன்டை உங்களிடம் ஏன் அனுப்ப வேண்டும்? உறுப்பினர் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் யாரும் வேலை தரமாட்டார்கள். முகம் தெரிந்த பிறகு, ஒரு சின்ன சந்தேகத்துக்கு நீங்கள் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு ஒழுங்காகப் பதில் தந்தீர்கள் என்று பார்த்த பிறகுதான் தருவார்கள்.

அப்படியானால் எதற்குச் சேர வேண்டும்? அந்த இரண்டு கிளையன்ட்களுக்காக. வெளிநாட்டில் கம்பெனி தொடங்குகிறவர் "அங்கே யாரைப் பார்ப்பது?" என்று உங்களைக் கேட்கும்போது உங்களிடம் பதில் இல்லையென்றால், அவர் உலகப் பெயர் உள்ள ஒரு ஃபர்மிடம் போவார். அவர்கள் அங்கே உள்ள வேலையைச் செய்துவிட்டு, கொஞ்ச நாளில் இங்கே உள்ள வேலையையும் கேட்பார்கள். வளர்ந்த கிளையன்ட் கையை விட்டுப் போவது பல நேரம் இப்படித்தான். அசோசியேஷன் தரும் முதல் பலன் இருக்கும் கிளையன்டைத் தக்கவைப்பது. புதியவர் வருவது அதற்கப்புறம்தான்.

அது எப்படி நடக்கும் என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். உங்கள் கிளையன்ட் போகும் நாட்டின் உறுப்பினருக்கு ஒரு மெயில் அனுப்புகிறீர்கள். மறுநாள் பதில் வருகிறது. "பங்குகளைத் தாய்க் கம்பெனி வைத்திருக்குமா, முதலாளி சொந்தப் பெயரில் வைத்திருப்பாரா? சம்பளத்துக்கு எத்தனை பேரை எடுக்கப் போகிறார்? சரக்கு இறக்குமதி உண்டா, சேவை மட்டுமா?" மூன்றே கேள்வி, கீழே ஒரு பார்ட்னரின் நேரடி எண். முதல் கேள்வி எதற்கென்றால், டிவிடெண்ட் வெளியே வரும்போது பிடிக்கும் வரி, பங்குகள் யார் பெயரில் இருக்கின்றன என்பதைப் பொறுத்து மாறலாம். இரண்டாவது, சம்பள வரிக்கும் சமூகப் பாதுகாப்புக்கும் பதிவு செய்வதற்காக. மூன்றாவது, சுங்கத்துக்காகவும் மறைமுக வரிக்காகவும். இந்த மூன்றைக் கேட்டவருக்கு வேலை தெரியும். வேறொரு நாட்டிலிருந்து ஒரு வாரம் கழித்து ஒரு விளம்பரக் கையேடு வருகிறது. "எங்கள் குழு விரைவில் உங்களைத் தொடர்புகொள்ளும்" என்று ஒரு வரி, யார் கையெழுத்தும் இல்லை. இரண்டு பேரும் ஒரே அமைப்பின் உறுப்பினர்கள்தான். இந்த இரண்டு வகையில் எது அதிகம் என்பதுதான் அந்த அமைப்பின் தரம்.

அதைச் சேர்வதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். உங்கள் கிளையன்ட்கள் போகப்போகும் நாடுகளின் உறுப்பினர்களைச் சொல்லச் சொல்லி, அவர்களோடு நேரில் பேச வேண்டும் என்று கேளுங்கள். உண்மையான சந்தேகம் ஒன்றையே கேட்டுப் பாருங்கள். அசோசியேஷன் அலுவலகம் பொறுக்கித் தரும் 'திருப்தியான உறுப்பினர்'களோடு மட்டும் பேசிவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

இதைவிட முக்கியமான அடையாளம் இன்னொன்று உண்டு. நான் யாருக்கு ஆலோசனை சொன்னாலும் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். உங்களைச் சேர்த்துக்கொள்வதற்கு முன் அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள்? உருப்படியான அமைப்பு என்றால் ஒருவர் நேரில் வந்து உங்கள் அலுவலகத்தில் உட்காருவார். ஒழுங்குமுறை அமைப்போ தொழில் சங்கமோ உங்களிடம் கடைசியாக நடத்திய தரச் சோதனையின் அறிக்கையைக் கேட்பார். காப்பீட்டுத் தொகை என்ன, நிலுவையில் வழக்கு உண்டா, பார்ட்னர்களில் யாருக்காவது ஒழுங்கு நடவடிக்கை வந்ததா, மூத்தவர் ஓய்வு பெற்றால் என்ன ஏற்பாடு, எல்லாம் விசாரிப்பார். பக்கத்து நாட்டு உறுப்பினர்களிடம் உங்களைப் பற்றிக் கேட்பார். கேட்கக் கேட்க உங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வரும். வரட்டும். ஒரு படிவமும் ஒரு காசோலையும் போதும் என்று உங்களை இரண்டு வாரத்தில் சேர்த்துக்கொள்கிறவர்கள், மற்ற நாடுகளிலும் அப்படித்தான் சேர்த்திருப்பார்கள். அந்த உறுப்பினரிடம்தான் நாளைக்கு உங்கள் கிளையன்டை அனுப்பப் போகிறீர்கள்.

சேர்த்ததோடு விட்டுவிடுகிறார்களா, சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பவும் சோதிக்கிறார்களா என்றும் கேளுங்கள். கடைசி ஐந்து வருடத்தில் எத்தனை பேரை நீக்கினீர்கள், எத்தனை பேர் தாங்களாகப் போனார்கள், ஏன் போனார்கள்? ஒருவரையும் நீக்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பல நாடுகளில் பரவிய ஆடிட்களைச் செய்யும் அமைப்புகள் சேர்ந்திருக்கும் ஃபோரம் ஆஃப் ஃபர்ம்ஸ் என்ற குழு 2002-லிருந்து இயங்குகிறது. அதில் இருப்பவர்கள் உள் தரச் சோதனை நடத்துவதாக உறுதி தந்தவர்கள். உங்களை அழைத்தவர்கள் அதில் இருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது. இல்லாவிட்டாலும் மோசம் என்று அர்த்தமில்லை. வரி ஆலோசனையே முக்கிய வேலையாக உள்ள அமைப்புகளுக்கு அது தேவைப்படாமல் போகலாம்.

ஆடிட் வேலையில் ஒரு தப்பான எண்ணம் பரவலாக இருக்கிறது. துணைக் கம்பெனியை நம் அசோசியேஷன்காரர்தானே ஆடிட் செய்கிறார், அவர் கையெழுத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். கூடாது. குழும ஆடிட்டுக்கான (தாய்க் கம்பெனியையும் துணைக் கம்பெனிகளையும் சேர்த்துச் செய்யும் ஆடிட்) சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஏ 600-ன் திருத்தப்பட்ட வடிவம் 2023 டிசம்பர் 15 முதல் தொடங்கும் கணக்குக் காலங்களுக்குப் பொருந்துகிறது. அதன்படி குழும ஆடிட்டர்தான் மற்ற ஆடிட்டர்களின் வேலைக்கு வழிகாட்டி, மேற்பார்வை செய்து, சரிபார்க்க வேண்டும். அவர்களுடைய திறமையையும் சார்பின்மையையும் நீங்களே உறுதி செய்ய வேண்டும். ஒரே அமைப்பில் இருப்பதால் பேசுவது சுலபமாகும், கோப்புகளைப் பார்க்க அனுமதி சீக்கிரம் கிடைக்கும், அவ்வளவுதான். அதே மாதிரி, 2022 டிசம்பர் 15-லிருந்து அமலில் உள்ள ஐஎஸ்க்யூஎம் 1 என்ற சர்வதேசத் தரநிலையின்படி உங்கள் ஃபர்மின் தர நிர்வாகத்துக்கு நீங்களே பொறுப்பு. அசோசியேஷன் ஒரு ஆடிட் கையேடோ மென்பொருளோ கொடுத்தால், அதை வெளியாளிடமிருந்து வாங்கிய சாதனமாகத்தான் பார்க்க வேண்டும். உங்கள் கிளையன்ட்களுக்கும் உங்கள் சட்டத்துக்கும் பொருந்துகிறதா என்று சோதித்து, சோதித்ததைப் பதிவு செய்து வையுங்கள்.

பரிந்துரைக் கட்டணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில அமைப்புகளில் வேலையை அனுப்பியவருக்குக் கட்டணத்தில் ஒரு பங்கு கொடுக்கும் வழக்கம் உண்டு. சில நாடுகளில் அதற்குத் தடையே இருக்கிறது. தடை இல்லாத இடத்திலும் கிளையன்டிடம் வெளிப்படையாகச் சொல்லாமல் வாங்குவது நெறிமுறைக்குப் பொருந்தாது. நான் வாங்கவே வேண்டாம் என்பேன். காசு வாங்கிக்கொண்டு தரும் பரிந்துரையைக் கிளையன்ட் ஒருநாள் தெரிந்துகொண்டால், அப்புறம் நீங்கள் எதைச் சொன்னாலும் அவருக்குச் சந்தேகம் வரும்.

வேலை, கிளையன்ட் எல்லாவற்றையும் தாண்டி, இந்த அமைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. உள்ளூரில் இன்னொரு ஆடிட்டரிடம் உங்கள் கஷ்டத்தை மனம் விட்டுச் சொல்ல முடியாது. அவர் போட்டியாளர். அசோசியேஷனில் ஒரு பகுதிக்கு ஒருவர் அல்லது சிலர் மட்டுமே என்பதால், உங்கள் அளவே உள்ள, உங்களோடு போட்டியே இல்லாத ஃபர்ம்காரர்கள் பத்துப் பேர் ஒரே மேசையில் கிடைக்கிறார்கள். ஒரு பார்ட்னருக்கு எத்தனை ஊழியர், ஒருவர் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பில் செய்கிறார், பில் போட்டு எத்தனை நாளில் பணம் வருகிறது, ஓய்வு பெற்ற மூத்தவரின் பங்கை எப்படிக் கணக்கிட்டுத் திருப்பித் தந்தார்கள் என்று எல்லாம் பேசலாம். மூத்த பார்ட்னர் உள்ள மூன்று பேர் ஃபர்முக்கு, அந்தக் கடைசிக் கேள்விக்கு அனுபவப்பட்டவர்களிடமிருந்து கிடைக்கும் பதில் ஒன்றே பல வருடச் சந்தாவுக்குச் சமம்.

செலவைக் கணக்கிடும்போது சந்தாவை மட்டும் பார்க்காதீர்கள். சேர்க்கைக் கட்டணம் தனியாக இருக்கும். சந்தா பல இடங்களில் உங்கள் வருமானத்தைப் பொறுத்தது, எனவே நீங்கள் வளர வளர அதுவும் ஏறும். கூட்டங்களுக்குப் போய்வரும் செலவு சந்தாவைத் தாண்டவும் வாய்ப்புண்டு. பார்ட்னர் ஒருவர் அலுவலகத்தில் இல்லாத நாட்களுக்கும் ஒரு விலை உண்டு. கூட்டத்துக்குப் போக முடியாது, சந்தா மட்டும் கட்டுவோம் என்றால் சேரவே வேண்டாம்.

ஒப்பந்தத்தில் இரண்டு ஷரத்துகளை வரி விடாமல் படியுங்கள். ஒன்று, பகுதி உரிமை. உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் பகுதியில் இன்னொரு ஃபர்மைச் சேர்க்க முடியுமா? நீங்கள் வேறொரு அமைப்பின் உறுப்பினரிடம் வேலை அனுப்பத் தடை இருக்கிறதா? தடை இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிளையன்டுக்கு யார் நல்லவரோ அவரிடம் அனுப்பும் உரிமை உங்களிடமே இருக்க வேண்டும். இரண்டாவது, வெளியேறுவது. எத்தனை மாத முன்னறிவிப்பு, மீதிச் சந்தா திரும்ப வருமா, நீங்கள் இன்னொரு ஃபர்மோடு இணைந்தால் என்ன ஆகும்? உறுப்பினர்கள் பெரிய ஃபர்ம்களோடு இணைவதும், முதலீட்டு நிதிகள் ஃபர்ம்களில் பங்கு வாங்குவதும் இப்போது நிறைய நடக்கிறது. பிராக்சிட்டியில் இருந்த ஃபோர்விஸும் மஸார்ஸும் 2024 ஜூன் முதல் ஒரே பெயரில் புதிய நெட்வொர்க் ஆனார்கள். ஒரு அமைப்பின் பெரிய உறுப்பினர்கள் இப்படி நகர்ந்தால் அந்த நாடுகளில் உங்களுக்குத் தெரிந்த முகங்களும் நகர்ந்துவிடும். இரண்டு, மூன்று பெரிய ஃபர்ம்களை நம்பியே ஓடும் அமைப்பா, சுமையைப் பலர் தாங்குகிறார்களா என்று உறுப்பினர் பட்டியலை ஒருமுறை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

எனவே என் பதில்: அவர்கள் எழுத்தில் தரும் விளக்கம் சரியாக இருந்து, உங்களைக் கடுமையாகவே விசாரித்து, உங்கள் கிளையன்ட்கள் போகும் இரண்டு நாடுகளிலும் ஒழுங்காகப் பதில் சொல்லும் உறுப்பினர்கள் இருந்தால், சேருங்கள். ஒரு நாட்டில் மட்டும் ஆள் சரியில்லை என்றால் அதற்காக ஒதுக்க வேண்டாம். இரண்டிலும் சரியில்லை என்றால் அடுத்த அமைப்பைப் பாருங்கள், அவசரமில்லை.

யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருந்தீர்கள். இளையவர்தான். வேலை குவியும் என்ற எதிர்பார்ப்பை அவர் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், மற்றபடி ஆர்வம் அவரிடம்தான் இருக்கிறது. இந்த வருடம் ஒருவர், அடுத்த வருடம் இன்னொருவர் என்று மாற்றி மாற்றி அனுப்பாதீர்கள். குறைந்தது மூன்று வருடம் அவரே எல்லாக் கூட்டத்துக்கும் போகட்டும். மற்ற நாடுகளிலிருந்து வரும் ஒவ்வொரு மெயிலுக்கும், வேலை கிடைக்காது என்று தெரிந்தாலும், மறுநாளுக்குள் அவர் பெயரில் பதில் போகட்டும். மூத்தவரை ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் அவரோடு அனுப்பிவையுங்கள், பங்கைத் திருப்பித் தருவது பற்றிப் பேசும் அமர்வு எதில் இருக்கிறதோ அதற்கு.